காடு செலவழிக்கும் தண்ணீரும் காடு காக்கும் தண்ணீரும்

நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் நட்டால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட அரசுத் திட்டங்களுக்குக் கணக்கே இல்லை. ஓடையில் அளவி வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தவர்களுக்குக் கிடைத்த விடையோ வேறு. போஷ், ஹியூலெட் என்ற இரு நீரியலாளர்கள் 1982-இல், பல நாடுகளில் நடந்த 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஊசியிலை மரங்களோ தைலமரமோ மூடியிருக்கும் பரப்பு 10 விழுக்காடு கூடினால், அந்த நீர்ப்பிடிப்பின் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 40 மி.மீ. குறைகிறது. இலையுதிர்க்கும் அகலிலை மரங்கள் என்றால் 25 மி.மீ.; புதர்க்காடு என்றால் 10 மி.மீ. மில்லிமீட்டர் என்றதும் சின்னதாகத் தோன்றும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 40 மி.மீ. குறைந்தால் ஆண்டுக்கு 4 கோடி லிட்டர் குறைகிறது.

அப்படியானால் காட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கூடுமே என்று கேட்பவர்களும் உண்டு. அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்டு புரூக் ஆய்வுக்காட்டில், 1965-66 குளிர்காலத்தில் ஒரு சிறு நீர்ப்பிடிப்பின் மரங்கள் அத்தனையையும் சாய்த்தார்கள். பிறகு மூன்று ஆண்டுகள் களைக்கொல்லி தெளித்து எதையும் தழைக்கவிடவில்லை. முதல் ஆண்டில் நீரோட்டம் எதிர்பார்த்ததைவிட 39 விழுக்காடு கூடியது. கூடவே மண்ணில் தங்கியிருந்த நைட்ரேட் கரைந்து ஓடையில் இறங்கிக் குடிநீர் வரம்பைத் தாண்டியது. களைக்கொல்லியை நிறுத்தியதும் இளஞ்செடிகள் முளைத்தன. கூடுதலாக வந்துகொண்டிருந்த தண்ணீரும் சில ஆண்டுகளில் காணாமல் போனது.

காடு தனக்கென்று தண்ணீரைச் செலவழிக்கிறது. அதற்கு ஈடாகத் தெளிந்த நீரையும், அரிக்காத சரிவையும், மண் நல்ல நிலையில் இருந்தால் மழை நின்ற பிறகும் ஓடும் ஓடையையும் தருகிறது. நீருக்காகக் காட்டை நிர்வகிப்பது என்றால், ஒவ்வொரு நீர்ப்பிடிப்பிலும் இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பதுதான். நாடு முழுவதற்கும் ஒரே இலக்கு, அதுவும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையில், வைக்கும்போது அந்த முடிவை யாருமே எடுப்பதில்லை.

மழைத்துளி போகும் வழி

மழை முதலில் படுவது இலையில். ஒரு தூறலில் 1 முதல் 2 மி.மீ. வரை இலையிலும் கிளையிலுமே ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தே ஆவியாகிவிடும். ஒரே மழையில் 60 மி.மீ. கொட்டும் இடத்தில் இந்த இழப்பு பொருட்டல்ல. நாள்தோறும் 3 மி.மீ. தூறிக்கொண்டிருக்கும் குளிர்ந்த, காற்றோட்டமான மலைகளில் இதுவே பெரிய கணக்காகிவிடும். ஆண்டு முழுவதும் இலை தாங்கும் ஊசியிலைக் காடுகள் மொத்த மழையில் 25 முதல் 40 விழுக்காடு வரை இப்படித் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அகலிலைக் காடுகளில் இது 10 முதல் 25 விழுக்காடு. பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில், பிளின்லிமன் என்ற இடத்தில், காடு மூடிய செவர்ன் ஆற்றுத் தலைப்பையும் புல் மூடிய வை ஆற்றுத் தலைப்பையும் அருகருகே வைத்துப் பல பத்தாண்டுகள் அளந்தபோது தெரிந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் வேர் உறிஞ்சியது அல்ல, இலையில் நின்று ஆவியானதுதான்.

இலையைத் தாண்டியது தரைக்கு வருகிறது. இங்கேதான் காட்டின் உண்மையான பலம் இருக்கிறது. நல்ல காட்டுத் தரையைக் கையால் கிளறினால் மேலே காய்ந்த சருகு. அதன் கீழ் பாதி மக்கிய, பூஞ்சை இழை பின்னிய அடுக்கு. அதற்கும் கீழே விரலால் குத்தினால் இறங்கும் கருமண். செத்த வேர் விட்டுப்போன குழாய்களும் மண்புழு, கரையான் துளைகளும் அதில் ஊடுருவி நிற்கும். இத்தகைய மண் மணிக்கு 100 மி.மீ. மழையைக்கூட மேலே ஓடவிடாமல் உள்ளே வாங்கும். அதே மண்ணில் ஆண்டுக்கணக்கில் மாடு மிதித்தாலோ, சருகைக் கூட்டி அள்ளினாலோ, கனரக வண்டி ஓடினாலோ அந்தத் திறன் மணிக்குப் பத்து மி.மீ.க்கும் கீழே இறங்கிவிடலாம். மேலே மரம் நிற்கிறதா என்பதைவிட, கீழே சருகு கிடக்கிறதா என்பதே நீரியலாளர் முதலில் பார்க்கும் விஷயம். ஜப்பானில் ஒரு தலைமுறைக்கு முன் நெருக்கமாக நட்டு, பிறகு கலைத்துவிடாமல், அதாவது இடையிடையே மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைக்காமல், விட்ட ஹினோகி சைப்ரஸ் தோட்டங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே இருண்ட பச்சை. கீழே வெளிச்சம் புகாததால் ஒரு புல்கூட இல்லை. ஹினோகியின் இலை உதிர்ந்ததும் சிறு செதில்களாகப் பிரிந்து மழையில் அடித்துப் போய்விடும். மேற்கவிகையிலிருந்து ஒன்றுசேர்ந்து விழும் பெருந்துளி வெறும் மண்ணைக் குத்தி, மேற்பரப்பை இறுக்கி அடைக்கிறது. விமானப் படத்தில் அது காடுதான். ஓடையில் அது அரிப்பு நிலம்.

இன்னொரு செலவு வேர் வழியாக. ஆழ வேர்விட்டு, கோடையிலும் இலை தாங்கி நிற்கும் மரம், புல் வாடிவிட்ட பிறகும் நிலத்தடி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

உள்வாங்கும் வரவு கூடியதா, வேரின் செலவு கூடியதா என்பதைப் பொறுத்தே கோடை நீரோட்டம் அமைகிறது. நன்றாக நீர் வாங்கும் இயற்கைப் புல்வெளியில் தோட்ட மரம் வைத்தால் வரவு கூடாது, செலவு மட்டும் கூடும். மிதிபட்டு இறுகி, மழை முழுவதும் வெள்ளமாக ஓடிவிடும் பாழ்நிலத்தில் காடு மீண்டால், கூடும் வரவு கூடும் செலவை மிஞ்சக்கூடும். அங்கே ஊற்று திரும்ப வரும். மரம் நீரைக் கூட்டும் என்பவரும் குறைக்கும் என்பவரும் தங்கள் பக்கத்துக்குச் சாட்சி காட்ட முடிவதற்கு இதுதான் காரணம். நடுவில் ஒரு நிலையும் உண்டு. புர்க்கினா ஃபாசோவில், மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் வேளாண் நிலத்தில் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. மரமே இல்லாத இடத்திலும், மரம் மிக அடர்ந்த இடத்திலும் நிலத்தடிக்கு இறங்கிய நீர் குறைவு. இடைப்பட்ட அடர்த்தியில்தான் மிக அதிகம். வறண்ட வெப்பமண்டலத்தில் ஹெக்டேருக்கு எத்தனை மரம் என்ற கேள்விக்கு ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு’ என்பது தவறான பதில்.

மேகம் தவழும் மலைக்காடுகள் தனி. அங்கே மரக்கிளைகளும் பாசியும் மூடுபனியிலிருந்தே நீரைச் சீவி எடுத்துத் தரையில் சொட்டவிடுகின்றன. மழைமானியில் இந்த நீர் பதிவாகாது. வெட்டினால் வரவே குறையும். பொதுவிதியை வைத்துக்கொண்டு இங்கே மரம் வெட்ட அனுமதித்தால் ஓடை கோடையில் மெலியும். அமேசான் போன்ற பெருங்காடுகள் வெளியேற்றும் நீராவி காற்றோடு நகர்ந்து தொலைவில் மழையாகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரு கண்டத்தின் அளவில் நடக்கும் அந்த விளைவைச் சொல்லி, 500 ஹெக்டேர் தோட்டம் வைத்தால் அந்த வட்டாரத்தில் மழை கூடும் என்று வாதிடுவது எடுபடாது.

எந்த மரம், எந்த வயதில்

புல்வெளியிலும் புதர்நிலத்திலும் வேகமாக வளரும் மரங்களை வைத்த இடங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2005-இல் வந்த ஓர் ஆய்வு, நீரோட்டம் சராசரியாக 52 விழுக்காடு குறைந்ததையும், 13 விழுக்காடு ஓடைகள் குறைந்தது ஓராண்டாவது முற்றிலும் வற்றியதையும் காட்டியது. நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில் புல்வெளியில் நீலத் தைலமரம் வைத்து அளந்தபோது, முதல் வெட்டுச் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடும், மறுதழைவில் வந்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது. இரண்டாவது முறை கூடுதலாகக் குறைவதில் வியப்பில்லை. வெட்டிய அடிமரத்துக்கு ஆழ வேர் ஏற்கெனவே இருக்கிறது. புதுத் தளிர் முதல் நாளிலிருந்தே அதைக்கொண்டு இழுக்கத் தொடங்கிவிடும்.

வயதின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டியது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர நீர்ப்பிடிப்புகள். 1939-இல் பெருந்தீயில் அங்கிருந்த முதிய ‘மவுன்டன் ஆஷ்’ மரக்காடுகள் எரிந்தன. இது தைலமர இனத்தின் நெட்டை உறவு. எரிந்த இடத்தில் இளமரங்கள் அடர்த்தியாக எழுந்தன. அணைக்கு வரும் நீர் படிப்படியாகக் குறைந்து, காடு 25 முதல் 30 வயதை எட்டும்போது பாதியளவுக்கு இறங்கும் என்றும், பழைய நிலைக்குத் திரும்ப 150 ஆண்டுகள்கூட ஆகலாம் என்றும் அங்குள்ள நீரியலாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு ஹெக்டேரில் நெருங்கி நிற்கும் ஆயிரக்கணக்கான இளமரங்களின் நீர்க்கடத்தும் மென்மரப் பரப்பும் இலைப்பரப்பும், அதே ஹெக்டேரில் நிற்கும் சில பத்து முதுமரங்களுடையதைவிட மிக அதிகம். காரணம் அவ்வளவுதான்.

இதிலிருந்து வேலைக்கு ஆகும் முடிவுகள் சில. குடிநீர் நீர்ப்பிடிப்பில் முதுகாடு இருந்தால் அதைத் தொடாமல் விடுவது, மரம் விற்றுக் கிடைக்கும் பணத்தைவிடப் பெரும்பாலும் லாபம். மரத் தோட்டம் இருந்தே தீர வேண்டும் என்றால் வெட்டுச் சுழற்சியை நீட்டி, ஒரே நீர்ப்பிடிப்பில் ஒரே வயதுத் தோட்டம் விரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெருக்கமாக எழுந்த இளங்காட்டைக் கலைத்துவிடலாம். ஆனால் லேசாகக் கலைத்தால் மிஞ்சிய மரங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நீரையும் குடித்துவிடும். பலன் வேண்டுமென்றால் கணிசமாகக் கலைத்து, சில ஆண்டுகளுக்கொருமுறை திரும்பிவர வேண்டும். வெட்டிய கிளை தழையைத் தரையிலேயே பரப்பிவிடுவது மண்ணுக்கு நல்லது.

அயல் மரங்கள் தாமாகப் பரவிய இடங்களில் வேலை இன்னும் கடினம். தென்னாப்பிரிக்கா 1995-இல் தொடங்கிய ‘நீருக்காக உழைப்போம்’ திட்டம், வேலையில்லாதவர்களை அமர்த்தி, ஓடைக்கரைகளில் பரவிய சீகை, பைன், தைலமரங்களை அகற்றியது. அங்கே கிடைத்த பாடங்கள் எங்கும் பொருந்தும். தளிர்விடும் இனமென்றால் வெட்டிய சூட்டிலேயே, அடிமரப் பரப்பு காய்வதற்குள், களைக்கொல்லி பூச வேண்டும். தாமதித்தால் உள்ளே இறங்காது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய மரக்குவியலை அதே இடத்தில் எரித்தால் அந்த விதைகள் வெப்பம் பட்டு மொத்தமாக முளைக்கும். குவியலுக்கு அடியில் மண்ணும் வெந்துபோகும். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான பின்தொடர் வேலைக்குப் பணம் ஒதுக்காமல் முதல் வெட்டைத் தொடங்குவது, முன்பைவிட அடர்ந்த புதருக்குப் பணம் கட்டுவது போல.

ஓடை கலங்கினால் முதலில் சாலையைப் பாருங்கள்

காட்டு ஓடையில் வண்டல் கூடினால் பழி மரவெட்டின் மேல் விழும். பெரும்பாலும் குற்றவாளி, மரத்தை எடுத்துவரப் போட்ட மண்சாலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரீட், டன் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட அளவீட்டில், கனரக வண்டிகள் தொடர்ந்து ஓடும் சரளைச் சாலை, கைவிடப்பட்ட சாலையைப் போல 130 மடங்கு வண்டல் தந்தது. சாலை மலைச்சரிவை வெட்டும்போது நிலத்தடியில் மெதுவாக வந்துகொண்டிருந்த நீரை மேலே இழுத்து, பக்க வாய்க்காலில் விட்டு, நேராக ஓடையில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. சரிவில் ஊறிப் பல நாளில் வந்து சேர வேண்டிய நீர் சில நிமிடங்களில் வந்துவிடும்.

எனவே முதல் வேலை சாலைக்கும் ஓடைக்கும் உள்ள தொடர்பை அறுப்பது. சாலையின் ஏற்றம் 2 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். 10 விழுக்காட்டைத் தாண்டும் பகுதி குட்டையாக இருக்க வேண்டும். முற்றிலும் சமமான சாலையும் கூடாது, நீர் தேங்கிச் சேறாகும். சாலைப் பரப்பைப் பள்ளத்தாக்குப் பக்கம் 3 முதல் 5 விழுக்காடு சாய்த்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் பக்க வாய்க்காலே தேவையில்லை. கைவிடும் இழுவைப் பாதையில் குறுக்கே மண்வரப்பு போட வேண்டும். ஏற்றம் 5 விழுக்காடு என்றால் சுமார் 40 மீட்டருக்கு ஒன்று, 10 விழுக்காடு என்றால் 25 மீட்டருக்கு ஒன்று, 15 விழுக்காடு என்றால் 18 மீட்டருக்கு ஒன்று. வரப்பு சாலைக்குச் செங்குத்தாக இல்லாமல் சுமார் 30 பாகை சாய்வாகவும், அதன் வாய் திறந்தும் இருக்க வேண்டும். வாய் அடைபட்ட வரப்பு குளமாகி, உடைந்து, ஓடையாக வெட்டிக்கொண்டு போகும்.

ஓடையைக் கடக்கும் இடம்தான் மிகப் பலவீனமான இடம். செங்கோணத்தில் கடக்க வேண்டும். பக்க வாய்க்கால் நீரைக் கடவுக்கு 15 முதல் 30 மீட்டர் முன்பே குறுக்குக் குழாய் வைத்துக் காட்டுத் தரைக்குத் திருப்பிவிட வேண்டும். ஓடைக் குழாய் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்குத் தாங்கும்படி இருப்பது நல்லது, ஆனால் பெரும்பாலான குழாய்கள் நீரளவு போதாமல் தோற்பதில்லை. கட்டையும் கல்லும் வாயை அடைப்பதால் தோற்கின்றன. அடைத்த பிறகு தண்ணீர் எங்கே போகும் என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். சாலை கடவிலிருந்து ஒரு பக்கம் இறங்கிப் போனால், வெள்ளம் சாலை வழியாகவே ஓடி, அடுத்த சரிவில் இறங்கிப் புது ஓடையே வெட்டிவிடும். இதைத் தடுக்கக் கடவின் இறக்கப் பக்கத்தில் சாலையையே ஆழமில்லாத பள்ளமாக அமைத்துவிட்டால் போதும். வழிந்த நீர் அங்கேயே குறுக்கே தாண்டி அதே ஓடையில் விழும். ஒரு நாள் இயந்திர வேலை. பெருமழைக்குப் பிறகு ஒரு மலைச்சரிவையே பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மரம் இழுக்கும் இயந்திரங்களைப் பொறுத்தவரை, மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே வண்டிகளைப் பரவலாக ஓடவிடுவதைவிட, 20 முதல் 40 மீட்டர் இடைவெளியில் குறித்துவைத்த பாதைகளில் மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுவது மேல். மண் நனைந்திருக்கும்போது வேலையை நிறுத்தும் அதிகாரம் களத்தில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கான விதி இல்லையென்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ஓடைக்கரையும் சரிவும்

கரையோரம் தொடாமல் விடும் காட்டின் அகலத்தைப் பற்றி முடிவில்லாத சண்டை உண்டு. கரை சரியாமல் பிடித்துவைக்க 10 மீட்டர் ஓரளவு போதும். நிழல், நீரின் வெப்பம், வண்டல், நைட்ரேட், நீர்வாழ் உயிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்றால் ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர். செங்குத்தான சரிவிலும் எளிதில் அரிக்கும் மண்ணிலும் இன்னும் கூட வேண்டும். ஆனால் அகலத்தைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, எந்த ஓடைக்கு? சட்டங்கள் பெரும்பாலும் வரைபடத்தில் நீலக்கோடாக இருக்கும் ஓடைகளையே காக்கின்றன. ஓர் ஆற்றின் மொத்த ஓடை நீளத்தில் பெரும்பகுதி, மழைக்கு மட்டும் ஓடும் சிறு தலைப்போடைகள். அவை வரைபடத்தில் ஏறுவதில்லை, வண்டல் அங்கிருந்துதான் புறப்படுகிறது. இரண்டு, மேலேயிருந்து வரும் நீர் பரவி நுழைகிறதா, ஒரே வாய்க்காலாகத் திரண்டு துளைத்துக்கொண்டு போகிறதா? திரண்டு வந்தால் 50 மீட்டர் அகலக் காடும் பயனில்லை. மேல்விளிம்பில் நீரைப் பரப்பிவிடும் ஏற்பாடு இல்லாத கரையோரக் காடு பாதி வேலையைத்தான் செய்யும்.

சரிவில் மண்ணைக் கட்டிப்பிடிப்பது வேர். மரத்தை வெட்டிய அன்றே சரிவு இறங்காது. பழைய வேர் மக்கி, புது வேர் பிடிக்காமல் இருக்கும் இடைவெளி, அதாவது வெட்டி ஏறத்தாழ 3 முதல் 15 ஆண்டுகள் வரை, ஆபத்தான காலம். வெட்டியவர் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சரிவு இறங்கினால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. மண் ஆழமில்லாத, குழிவான, 30 பாகையைத் தாண்டும் சரிவுகளை வெட்டுத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவதுதான் பாதுகாப்பு. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு ஓடைகளில் அடிக்கடி வரும் வெள்ளத்தைக் காடு தணிக்கும். பல நாள் மழையில் மண் முழுவதும் நிறைந்துவிட்ட பிறகு பேராற்றில் வரும் பெருவெள்ளத்தை எந்தக் காடும் தடுத்ததில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் பன்னாட்டு வனவியல் ஆய்வு மையமும் 2005-இலேயே இதை வெளிப்படையாக எழுதிவிட்டன.

தீ எல்லாவற்றையும் தலைகீழாக்கும். கடுந்தீயில் சருகிலுள்ள மெழுகுப் பொருள்கள் ஆவியாகி, மேற்பரப்பிலோ சில சென்டிமீட்டர் ஆழத்திலோ படிந்து நீர் ஒட்டாத படலமாகின்றன. அடுத்த மழையில் சாம்பலும் மண்ணும் சேர்ந்து வழுக்கி இறங்கும். டென்வர் நகரின் நீர்ப்பிடிப்பில் 1996-இலும் 2002-இலும் எரிந்த காடுகளிலிருந்து வந்த வண்டலை அணையிலிருந்து வாரவும் நீரைச் சுத்திகரிக்கவும் நகர நீர் நிறுவனம் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அதன் பிறகுதான் காட்டைக் கலைத்து, தீக்கு இரையாகும் மரத்தையும் சருகையும் குறைக்கப் பணம் போட முன்வந்தது. எரிந்த சரிவில் முதல் மழைக்குள் செய்யக்கூடியதில் நன்றாக வேலை செய்வது, தரையில் 60 முதல் 70 விழுக்காடு மூடும்படி வைக்கோலோ மரச்சீவலோ பரப்புவது. காற்று வீசும் முகட்டில் வைக்கோல் நிற்காது, அங்கே மரச்சீவல். புல்விதை தூவுவது மலிவு, ஆனால் முதல் மழைக்குள் முளைத்துத் தரையை மூடுவது அரிது. சரிவின் குறுக்கே போடும் கட்டைகள் சமமட்டத்தில் இல்லையென்றால் நீரை ஒரு முனைக்குத் திரட்டி அங்கே பள்ளம் பறிக்கும்.

நாடு என்ற அளவில்

உலகக் காடுகளில் மண்ணையும் நீரையும் காப்பதே முதல் நோக்கம் என்று ஒதுக்கப்பட்டவை சுமார் 39.8 கோடி ஹெக்டேர் என்கிறது 2020-ஆம் ஆண்டின் உலகக் காட்டுவள மதிப்பீடு. ஒதுக்குவது எப்படி என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. ஜப்பான் 1897-இன் காட்டுச் சட்டத்திலிருந்தே ‘பாதுகாப்புக் காடு’ என்ற வகையை வைத்திருக்கிறது. இன்று அந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ பாதி அதில் அடங்கும், அதிலும் பெரும்பகுதி நீர்வளத்துக்கானது. தனியார் காடானாலும் அதில் வெட்டும் அளவுக்கு வரம்பும், வெட்டினால் திரும்ப நடும் கடமையும் உண்டு, ஈடாக வரிச்சலுகை. தென்னாப்பிரிக்கா எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1972-இலிருந்து வணிகத் தோட்டம் வைக்க அனுமதி வேண்டும் என்றது. 1998-இன் நீர்ச் சட்டம் வணிக மரத் தோட்டத்தை ‘நீரோட்டத்தைக் குறைக்கும் செயல்’ என்று வகைப்படுத்தி, ஆற்றிலிருந்து நீரெடுப்பவரைப் போலத் தோட்டக்காரரையும் உரிமம் பெற வைத்தது. நீர்க் கணக்கில் காட்டின் செலவையும் ஒரு வரியாக எழுதும் இந்த முறை, என் பார்வையில், மற்ற நாடுகள் முதலில் கற்க வேண்டியது.

எண்ணிக்கை இலக்கின் விளைவுக்குச் சீனாவின் லோயஸ் பீடபூமி நல்ல சாட்சி. 1999-இல் தொடங்கிய திட்டத்தில் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் உழவை நிறுத்திப் புல்லும் மரமும் வைத்தார்கள். படிவயல்களும் தடுப்பணைகளும் சேர்ந்து மஞ்சளாற்றின் வண்டல், முன்பு ஆண்டுக்கு 160 கோடி டன்னாக இருந்தது, 30 கோடி டன்னுக்கும் கீழே இறங்கியது. பெரிய சாதனை. ஆனால் மழை குறைந்த பகுதிகளில் மரமே வைத்த இடங்களில் வேர் ஆழத்து ஈரத்தை உறிஞ்சி முடித்து, மழையால் மீண்டும் நிரப்ப முடியாத வறண்ட மண்ணடுக்கு உருவானது. பல ஆண்டுகளாகியும் வளராத குட்டை மரங்கள் அங்கே நிற்கின்றன. அந்த இடத்துக்குரியது புல்லும் புதரும்.

பணம் யார் கொடுப்பது என்பதற்கு நியூயார்க் அடிக்கடி எடுத்துக்காட்டாகிறது. 1997-இல் நகரம், அதற்குக் குடிநீர் தரும் கேட்ஸ்கில் மலையிலுள்ள ஊர்கள், மாநிலம், நடுவண் அமைப்பு எல்லாம் சேர்ந்து செய்த உடன்பாட்டால், 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்ட வடிகட்டு நிலையத்தைக் கட்டாமல் தவிர்த்தார்கள். விற்க விரும்புவோரிடம் நிலம் வாங்குவது, பண்ணைச் சாணக் கழிவைக் கையாள உதவுவது, வீட்டுக் கழிவுத் தொட்டிகளைச் சரிசெய்வது எனப் பணம் போனது. காடு அதில் ஒரு பகுதி மட்டுமே. பெருமழையில் கேட்ஸ்கில் ஓடைகள் இன்றும் கலங்கத்தான் செய்கின்றன, ஓடைப்படுகையிலேயே பனியாற்றுக் காலக் களிமண் இருப்பதால். கோஸ்டாரிகா 1997-இலிருந்து எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காட்டு உரிமையாளர்களுக்குத் தருகிறது. தொடக்க ஆண்டுகளில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி, எப்படியும் யாரும் வெட்டப்போகாத நிலங்களுக்கே போனது. நீர் எடுக்கும் இடத்துக்கு மேலேயுள்ள, ஆபத்திலிருக்கும் நிலத்தை முன்னால் வைத்து வரிசைப்படுத்தாவிட்டால் எங்கும் இதுவே நடக்கும்.

அளப்பது

பலன் கிடைத்ததா என்று சொல்ல, வேலை தொடங்குவதற்கு முன்பே குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டு அளவீடு வேண்டும்; அருகில் எதுவும் செய்யாமல் விட்ட ஒத்த நீர்ப்பிடிப்பு ஒன்றும் வேண்டும். இல்லையென்றால் நல்ல மழை பெய்த ஆண்டு திட்டத்தின் வெற்றியாகவும், வறட்சி ஆண்டு தோல்வியாகவும் எழுதப்படும். சிறு ஓடைக்கு 90 பாகை ‘வி’ வெட்டுள்ள தடுப்பு போதும். வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் சுமார் 25 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்கு கூடும் என்பதால், வெட்டில் ஓர் இலை சிக்கி மட்டம் 2 செ.மீ. உயர்ந்தாலும் பதிவு முழுவதும் பொய். தடுப்பின் பின்னால் வண்டல் சேர்ந்தால் நீர் வேகத்தோடு வந்து, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வாரம் ஒருமுறை ஆள் போய்த் துடைத்து, வண்டலை வாரி, அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும். வண்டலை வாரத்துக்கு ஒரு குப்பி நீர் எடுத்து அளப்பதில் பயனில்லை. ஆண்டு வண்டலின் பெரும்பகுதி இரண்டு மூன்று மழைகளில் போய்விடும், அந்த நேரத்தில் யாரும் ஓடையருகே இருக்க மாட்டார்கள். தொடர்ந்து பதியும் கலங்கல்மானியோ, மட்டம் ஏறும்போது தானே நிரம்பும் குப்பி வரிசையோ வேண்டும்.

நீர்ப்பிடிப்பின் மரப்பரப்பில் 20 விழுக்காட்டுக்குக் குறைந்த மாற்றத்தை ஆண்டு நீரோட்டத்தில் பிரித்தறிய முடியாது என்பதும் அந்த 94 சோதனைகளின் முடிவுதான். 5 விழுக்காட்டில் வேலை செய்யும் திட்டம் ஆற்றின் அளவியைக் காட்டி வெற்றியோ தோல்வியோ பேச இயலாது. அத்தகைய திட்டத்தில் அளக்க வேண்டியவை வேறு: மண் மணிக்கு எத்தனை மி.மீ. வாங்குகிறது, தரையில் எத்தனை விழுக்காடு சருகு மூடியிருக்கிறது, எத்தனை சாலைக் கடவுகள் இன்னும் நேரடியாக ஓடையில் கொட்டுகின்றன, கோடைக் கடைசியில் ஊற்றில் ஒரு வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது.